'ஃப்ரம்' என்றொரு சொல்

ஆங்கிலத்தில் ஒருவன் தன் பெயரையும் ஊரையும் சொல்லிக்கொள்வது இரண்டு வாக்கியக் காரியம். ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்புகளில் முதல் பாடமே அதுதான். 'மைசெல்ஃப் முருகன்' என்று சொல்லக் கூடாது, 'ஐ ஆம் முருகன்' என்று சொல்ல வேண்டும். 'நேட்டிவ் பிளேஸ்' என்பதை இந்தியாவுக்கு வெளியே போய்ச் சொல்லாதே, இத்யாதி. இலக்கணப் பாடமாகவே இது நடத்தப்படுகிறது. இதற்குள் ஒரு தார்மீகப் பிரச்னை இருப்பதாக எனக்குப் படுகிறது.

'மைசெல்ஃப்' பற்றிய கேலியில் எனக்கு ஈடுபாடில்லை. 'நான் முருகன்' என்பதில் வினை கிடையாது. இரண்டு பெயர்கள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. ஆங்கிலத்தின் 'ஆம்' இருப்பையும் அடையாளத்தையும் ஒரே சொல்லில் முடிந்து வைத்திருக்கிறது. அந்த முடிச்சை அவிழ்க்க ஐரோப்பியத் தத்துவவாதிகள் பட்ட பாடு கொஞ்சமில்லை. வினை இல்லாத மொழிக்காரன் அதைத் தாண்டிக் குதிக்கிறான் என்று விளக்கம் சொல்லலாம். ஆனால் வினை உள்ள ஹிந்திக்காரர்களும் 'மைசெல்ஃப்' என்றுதான் சொல்கிறார்கள். ஆகவே இந்த விளக்கத்தை நான் அழுத்தப்போவதில்லை.

எனக்கு முக்கியமாகப் படுவது 'ஃப்ரம்'. அதில் ஒரு புறப்பாடு இருக்கிறது. அங்கிருந்து கிளம்பி வந்தாயிற்று, இப்போது இங்கே நிற்கிறேன். தமிழில் 'எனக்கு ஊர் குளித்தலை' என்கிறோம். எனக்குப் பசி, எனக்குக் காய்ச்சல் என்பதைப்போல, ஊரும் எனக்கு நேர்ந்த ஒன்று. பழைய இலக்கணம் இன்னும் ஒரு படி மேலே போய் 'ஊரேன்' என்று ஒரே சொல்லாகச் சொல்ல இடம் தருகிறது. பொருள், இடம் முதலான ஆறின் அடியாகப் பிறக்கும் குறிப்பு வினை என்று நன்னூல் அதற்குக் கணக்கு வைத்திருக்கிறது. அந்தச் சொல்லில் மனிதனுக்கும் ஊருக்கும் நடுவே நூல் நுழைய இடமில்லை. கோவூர் கிழார், ஆவூர் மூலங்கிழார் என்று புலவர்களையே நாம் ஊரைக் கொண்டுதான் அறிகிறோம். ஈ. வாலண்டைன் டேனியல் 1984-இல் வெளியிட்ட 'ஃப்ளூயிட் சைன்ஸ்' என்ற புத்தகத்தில், தமிழனின் 'ஊர்' வரைபடத்தில் எல்லை போட்ட இடமல்ல, பேசுகிறவனைச் சுற்றி நகரும் இடம் என்கிறார். சரியான கணிப்பு. சென்னையில் ஒரு பதில், திருச்சியில் வேறு பதில்.

இந்த இடத்தில் நின்று, தமிழ் வேருள்ளது, ஆங்கிலம் வேரற்றது என்று புல்லரித்துப்போவது சுலபம். அப்படி நிறையவே எழுதியாகிவிட்டது. 'ஊர்' என்ற சொல்லுக்கு ஊருக்குள்ளேயே வேறொரு பொருளும் இருக்கிறது என்பதை அந்தக் கட்டுரைகள் சொல்வதில்லை. ஊர் வேறு, சேரி வேறு. ஊர்க்காரர்கள் என்றால் காலனிக்காரர்கள் அதில் அடக்கமில்லை. 2025 ஏப்ரலில், 'காலனி' என்ற சொல் அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்படும் என்று முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். நல்லது. ஆனால் சொல்லை எடுத்துவிடுவதால் தெரு இடம் மாறிவிடாது. அங்கே பிறந்தவன் 'ஊரேன்' என்று எப்படிச் சொல்வான்?

1929-இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் கூடாது என்று தீர்மானித்தது. பெயரின் வால் போயிற்று. இது சாதாரணச் சாதனையல்ல. மற்ற மாநிலத்துக்காரர்கள் நம் இனிஷியலைப் பார்த்துத் திகைப்பதை நான் கண்டிருக்கிறேன். பெயரிலிருந்து வெளியேறிய சாதி, ஊரில் போய்க் குடியேறிக்கொண்டது. 'சாருக்கு எந்த ஊர்?' 'ஊர்ல எந்தப் பக்கம்?' 'எந்தத் தெரு?' 'யார் வீடு?' நாலாவது கேள்விக்குள் காரியம் முடிந்துவிடும். வங்கிக் கவுண்டரில் உட்கார்ந்திருப்பவனுக்கு இந்த வரிசை மனப்பாடம். 'ஐ ஆம் ஃப்ரம் திருச்சி' என்று சொன்னால் அதற்குமேல் போக ஆங்கிலத்தில் பாதை போட்டுவைக்கப்படவில்லை. 'விச் ஸ்ட்ரீட்?' என்று கேட்டால் கேட்டவனுக்கே கூசும்.

அந்தப் பாதிப் பதில் பொய்யா? 1797-இல் கான்ட்டுக்கும் பெஞ்சமின் கான்ஸ்டன்ட்டுக்கும் நடந்த விவாதம் இதுதான். கொலைகாரன் வாசலில் நின்று, உன் நண்பன் உள்ளே இருக்கிறானா என்று கேட்கிறான். அவனிடமும் பொய் சொல்லக் கூடாது என்றார் கான்ட். உண்மையைக் கேட்க உரிமையுள்ளவனுக்கே உண்மை கடன் என்றார் கான்ஸ்டன்ட். கான்ட் வாசலில் நின்று யோசிக்கவில்லை, மேஜையில் உட்கார்ந்து யோசித்தார். வாசல் எப்படியிருக்கும் என்பது அம்பேத்கரின் 'வெயிட்டிங் ஃபார் எ விசா'வில் இருக்கிறது. 1901. மசூர் ஸ்டேஷனில் நல்ல உடையணிந்த சிறுவர்களைப் பிராமணப் பிள்ளைகள் என்று எண்ணிய ஸ்டேஷன் மாஸ்டர், யார் நீங்கள் என்று கேட்கிறார். சிறுவன் உண்மையைச் சொல்கிறான். அவர் முகம் மாறிப் பின்வாங்குகிறார். அன்றிரவு சுங்கச்சாவடியில், தாகம். முஸ்லிம் என்று சொல்லிப் பார் என்கிறான் வண்டிக்காரன். சிறுவன் போய் உருதுவில் பேசுகிறான். தண்ணீர் அப்போதும் கிடைக்கவில்லை. வேறு பாஷைக்குள் ஒளிந்துகொள்வது என்றால் என்னவென்று எனக்கு மூன்று வருஷ ஆங்கில இலக்கியப் படிப்பைவிட அந்த ஒரு பக்கம் கூடுதலாகச் சொல்லிக்கொடுத்தது.

கான்ஸ்டன்ட் பக்கமே நான் நிற்கிறேன். ஆனால் அதோடு முடியவில்லை. என்னைப் போன்றவனுக்கு அந்த மௌனம் ஒரு ரசனை. இன்னொருவனுக்கு அது வாடகை வீடு. பயப்பட வேண்டியவன் மட்டும் வாயை மூடினால், மூடிய வாயே பதிலாகிவிடும். ஆகவே பயமில்லாதவனும் மூடவேண்டியிருக்கிறது. அதுவும் ஆங்கிலத்தில் அல்ல. ஆங்கிலக் கதவு ஆங்கிலம் வாய்த்தவனுக்கு மட்டும்தான் சாத்திக்கொள்ளும்.

தமிழில் இதைச் செய்வது மரியாதைக் குறைவு. அதைத் தவிர்க்க வழியிருப்பதாக எனக்குத் தெரியவில்லை. கவுண்டரில் சாய்ந்துகொண்டு பெரியவர் கேட்கிறார். 'கரூர் மாவட்டங்க' என்கிறேன். 'கரூர்ல எங்க?' 'கரூர்தாங்க.' அவர் முகத்தில் லேசாகக் கோபம் தெரிகிறது. இத்தனை வயதானவர் அன்பாகத்தானே கேட்டார் என்று பக்கத்து சீட்டு நண்பர் பிற்பாடு என்னைக் கண்டிக்கிறார். அன்பாகத்தான் கேட்டார், நானும் ஒப்புக்கொள்கிறேன். அடுத்த முறை அவர் வேறு கவுண்டருக்குப் போனார்.