பொம்மைக் காருக்குத் துரு பூசலாமா?

புதிய பொருளைப் பழையதாகக் காட்டுவது கலையா, பொய்யா? பிள்ளைகளின் பொழுதுபோக்கு ஒன்றை முன்னிட்டு எழுகின்ற இந்தக் கேள்வி, ஆராயப் புகுந்தால் பெரியவர்களின் வாணிபத்தையும் தொட்டு, உள்ளத்தின் நிலையையும் தொட்டுவிடுகிறது. ஆகவே இதை விளையாட்டுக் காரியம் என்று ஒதுக்கிவிடாமல், மார்க்கத்தின் ஒளியில் சற்றே விரிவாகப் பார்ப்போம்.

சாலையில் ஓடும் மோட்டார் வண்டிகளை அளவு பிசகாமல் சிறிதாக்கிச் செய்து பார்ப்பது உலகெங்கும் பலருக்குப் பிரியமான கைவேலை. உண்மையான வண்டியில் 24 அங்குலம் என்றால், இதில் ஓர் அங்குலம்; இப்படி ஒரு கணக்கு. நம் நாட்டில் 1957 முதல் 2014 வரை உற்பத்தியான அம்பாசடர் காரின் நீளம் ஏறக்குறைய 4.3 மீட்டர். இந்தக் கணக்குப்படி செய்தால் அது 18 சென்டிமீட்டருக்குள் அடங்கிவிடும். இங்கிலாந்தில் 1952-ஆம் ஆண்டு ஜாக் ஓடல் என்ற பொறியாளர், தீப்பெட்டிக்குள் அடங்கும் விளையாட்டுப் பொருளை மட்டுமே தம் மகளின் பள்ளிக்கூடத்தில் அனுமதித்தார்கள் என்பதற்காக, சாலை போடும் உருளை வண்டி ஒன்றைப் பித்தளையில் மிகச் சிறிதாகச் செய்து கொடுத்தார். அதிலிருந்து பிறந்தவைதாம் ‘மேட்ச்பாக்ஸ்’ பொம்மை வண்டிகள். நம் தமிழகத்திலும் அட்டை, பலகை, பிளாஸ்டிக் தகடு ஆகியவற்றைக் கொண்டு பஸ்ஸும் லாரியும் தத்ரூபமாகச் செய்யும் இளைஞர்கள் இருக்கிறார்கள்.

இவர்களில் ஒரு சாரார் வண்டியைச் செய்து முடித்துப் பளபளவென்று வர்ணம் அடிப்பதோடு நிற்பதில்லை. அதற்கு மேல் அழுக்கும் கீறலும் துருவும் ஏற்றுகிறார்கள். முதலில் துருவின் பழுப்பு நிறத்தைப் பூசிக் காயவைத்து, அதன்மேல் ஈரத்தோடு உப்புத் தூளை ஆங்காங்கே ஒட்டி, பிறகு வண்டியின் நிறத்தை அடிப்பார்கள். காய்ந்தபின் உப்பைத் தேய்த்து உதிர்த்தால், பெயிண்ட் பெயர்ந்து உள்ளே துரு தெரிவதுபோல் ஆகிவிடும். கறுப்பு வர்ணத்தைத் தண்ணீர்போல் கரைத்து விட்டால், அது கதவின் இடுக்குகளில் போய்த் தங்கி, பல வருடத்து அழுக்காகக் காட்சி தரும். சாக்பீஸ் தூளைத் தூவினால் அது சாலைப் புழுதி.

ஏன் இந்த வேலை? காரணம் எளிது. கள்ளக்குறிச்சி மாவட்டம் வடக்கனந்தலை எடுத்துக்கொள்ளுங்கள். கல்வராயன் மலையின் அடிவாரத்து ஊர். கச்சிராயபாளையத்தில் கூட்டுறவுச் சர்க்கரை ஆலை இருப்பதால், அந்தப் பக்கத்துச் சாலைகளில் கரும்பு ஏற்றிய டிராக்டர்களும் லாரிகளும் போகும். மலைக்கு ஏறும் ஜீப்புகளும் போகும். உழைக்கிற வண்டி ஒன்றாவது கடையில் நிறுத்திவைத்த மெருகோடு இருக்குமா? இராது. மட்கார்டில் சேறு, பம்பரில் நசுங்கல், கதவின் அடியில் துரு. அப்படிப்பட்ட வண்டியைப் பார்த்துச் செய்கிற பிள்ளை அதைப் பளபளப்பாகச் செய்தால்தான் உண்மை குறைந்துபோகும். கண்ணால் கண்டதைக் கண்டபடி செய்யவேண்டும் என்றே அவன் துருவைப் பூசுகிறான்.

ஆயினும் வீட்டுப் பெரியவர்கள் இதைக் கண்டு மூன்று ஆட்சேபங்களை எழுப்பக்கூடும். உருவம் செய்வது கூடுமா? புதியதைப் பழையதாக்குவது மோசடி ஆகாதா? இதில் செலவாகும் பொழுதும் பணமும் வீணல்லவா? மூன்றும் நியாயமான கேள்விகள். மூன்றுக்கும் பதில் சொல்லவேண்டும்.

முதலாவது, உருவம். ஹஸ்ரத் இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களிடம் ஒருவர் வந்து, உருவங்கள் செய்வதே தம் பிழைப்பு என்று கூறினார். உருவம் செய்தவனை, அதற்கு உயிர் ஊதச் சொல்லி அல்லாஹ் வேதனை செய்வான். அவனால் ஒருபோதும் ஊதமுடியாது என்று தாம் நாயகம் (ஸல்) அவர்களிடம் கேட்டதை இப்னு அப்பாஸ் (ரலி) அறிவித்தார்கள். வந்தவரின் முகம் வெளிறிவிட்டது. அதைக் கண்டு, செய்துதான் தீரவேண்டும் என்றால் மரத்தையும் உயிரில்லாதவற்றையும் செய்துகொள் என்று அவருக்கு வழிகாட்டினார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியுள்ள செய்தி இது. காரும் லாரியும் உயிரற்றவை. ஆகவே இதில் தடை இல்லை. ஆனால் உள்ளே ஓட்டுநரின் உருவத்தைச் செய்து உட்காரவைப்பதை விட்டுவிடுவதே பேணுதலுக்கு ஏற்றது. கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்கு 2021-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது. அங்கே பெரும்பாலும் செதுக்கப்படும் தெய்வ உருவங்கள் நம் மார்க்கத்துக்கு உரியவை அல்ல. எனினும் மரத்தைப் பொறுமையோடு வசப்படுத்தும் கைத்திறனும் அம்மண்ணில் இருக்கிறது. அந்தத் திறன் உயிரற்ற ஒரு வண்டியைச் செதுக்கப் பயன்பட்டால் அதில் குற்றம் காண இடமில்லை.

இங்கே அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் வீட்டில் நடந்த ஒன்றை நினைவுகூர வேண்டும். ஒரு போரிலிருந்து நாயகம் (ஸல்) அவர்கள் திரும்பியிருந்த சமயம். காற்றில் திரை விலகியது. அன்னையாரின் விளையாட்டுப் பொம்மைகள் தெரிந்தன. அவற்றின் நடுவே துணியால் இறக்கை கட்டிய குதிரை ஒன்று இருந்தது. இது என்ன என்று நாயகம் (ஸல்) அவர்கள் கேட்டார்கள். குதிரை என்றார்கள் அன்னையார். குதிரைக்கு இறக்கையா என்று கேட்டபோது, சுலைமான் (அலை) அவர்களிடம் இறக்கையுள்ள குதிரைகள் இருந்ததைத் தாங்கள் கேள்விப்பட்டதில்லையா என்று பதில் வந்தது. நாயகம் (ஸல்) அவர்கள் கடைவாய்ப் பற்கள் தெரியச் சிரித்தார்கள். அபூதாவூதில் உள்ளது இந்த ஹதீஸ். அகிலத்தின் அருட்கொடையாக வந்தவர்கள் ஒரு பொம்மையைக் கண்டதும் முதலில் செய்தது என்ன? கேட்டார்கள்! பிள்ளையின் கையில் இருப்பதைப் பிடுங்கி எறியுமுன் அது என்ன என்று கேட்கும் வழக்கம் நம் வீடுகளில் எத்தனை வீட்டில் இருக்கிறது?

இரண்டாவது, மோசடி. இதுவே இந்தக் கட்டுரையின் மையம். மதீனத்துக் கடைவீதியில் ஒரு தானியக் குவியலுக்குள் நாயகம் (ஸல்) அவர்கள் கையை விட்டார்கள். விரல்களில் ஈரம் பட்டது. மழை பட்டுவிட்டது என்றார் வியாபாரி. அப்படியானால் நனைந்ததை மக்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டு, மோசடி செய்பவன் நம்மைச் சேர்ந்தவன் அல்லன் என்று எச்சரித்தார்கள். முஸ்லிமில் வரும் இந்தச் செய்தியைக் கேளாத முஸ்லிம் இருக்கமாட்டார். அதிலுள்ள நுட்பத்தைக் கவனியுங்கள். மழையில் நனைந்தது வியாபாரியின் குற்றம் அன்று. நனைந்த தானியத்தை விற்கக்கூடாது என்றும் சொல்லப்படவில்லை. ஈரத்தை அடியில் போட்டு, உலர்ந்ததை மேலே பரப்பியதுதான் குற்றம்.

இப்போது இரண்டு மனிதர்களை எண்ணிப் பாருங்கள். ஒருவன், பழுதில்லாத புதுப் பொம்மையின்மேல் துருவைப் பூசி, இது நான் பூசிய துரு என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் காட்டி மகிழ்கிறான். மற்றவர் பழைய கார் விற்பவர். கதவின் அடிப்பாகம் துருவேறி அரித்துப்போன வண்டியைப் பட்டி வைத்துத் தேய்த்து, பெயிண்ட் அடித்து, மீட்டரையும் பின்னுக்குத் திருப்பி, ஒரே கையில் ஓடிய வண்டி என்று சொல்லிக் கைமாற்றுகிறார். எவர் கையில் பொய் இருக்கிறது? பிள்ளை ஈரத்தை மேலே வைத்தவன். வியாபாரியோ அடியில் புதைத்தவர். பட்டி வைப்பதும் வர்ணம் அடிப்பதும் பழுது பார்க்கும் நல்ல தொழில்தான். வாங்குகிறவர் அறியாதபடி வாய்மூடி இருப்பதில்தான் ஹராம் நுழைகிறது. விற்பவரும் வாங்குபவரும் உண்மை பேசி, குறையைத் தெளிவாக்கினால் அந்த வியாபாரத்தில் பரக்கத் உண்டு. மறைத்துப் பொய்யுரைத்தால் அந்தப் பரக்கத் அழிக்கப்படும் என்பதும் நாயக வாக்கின் கருத்தே.

குதிரைகளே வாகனமாக இருந்த காலத்தில் ஜரீர் இப்னு அப்துல்லாஹ் (ரலி) அவர்களுக்காக அவர்களின் பணியாள் 300 திர்ஹத்துக்கு ஒரு குதிரையை விலைபேசி, பணம் வாங்கிக்கொள்ள உரியவரையும் அழைத்து வந்தார். குதிரையைப் பார்த்த ஜரீர் (ரலி), இது 300-க்கு மேல் பெறும், 400-க்குத் தருகிறீரா என்று விற்பவரிடமே கேட்டு, இப்படியே ஏற்றிக்கொண்டு போய் 800 திர்ஹம் கொடுத்து வாங்கினார்கள். ஒவ்வொரு முஸ்லிமுக்கும் நலம் நாடுவேன் என்று நாயகம் (ஸல்) அவர்களிடம் தாம் கொடுத்திருந்த வாக்குறுதியே அதற்குக் காரணம் என்றார்கள். இமாம் நவவி (ரஹ்) அவர்கள் முஸ்லிமின் விரிவுரையில் எடுத்துக் காட்டும் நிகழ்ச்சி இது. வாங்குகிறவர் விற்பவரின் நலத்தைப் பார்த்த காலம் அது! வாகனம் மாறியிருக்கிறது, வாக்குறுதி மாறலாமா?

அதே பொம்மைக் கார் ஹராமின் பக்கம் சாய்வதும் உண்டு. பழங்காலப் பொம்மை வண்டிகளைத் தேடி அதிக விலை கொடுத்து வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். நேற்று செய்ததற்குத் துரு பூசி, ஐம்பது வருடத்துப் பொருள் என்று ஒருவரிடம் விற்றால், அந்தத் துருவே மோசடியாகிவிடும். உப்பும் வர்ணமும் அதேதான். மாறியது, சொல்லாமல் விட்ட ஒரு சொல். ஆகவே பொய் என்பது சாயலில் இல்லை. வாங்குகிறவரிடம் மறைப்பதில் இருக்கிறது.

மூன்றாவது, பொழுதும் பணமும். இதில் பெரியவர்களின் கவலையைக் குறைத்து மதிப்பிட முடியாது. தினம் இரண்டு மணி நேரம், மூன்று மாதம் என்றால் 180 மணி நேரம். உடல் நலமும் ஓய்வும் பலர் இழப்புக்குள்ளாகும் இரண்டு நிஃமத்துகள் என்று புகாரியில் வருகிறது. வாலிபத்தை எதில் கழித்தாய், பொருளை எங்கிருந்து ஈட்டி எதில் செலவிட்டாய் என்ற விசாரணை மறுமையில் உண்டு. வர்ணம் காயும் நேரத்தைக் கணக்காகக் காத்திருப்பவன், இஷாவின் நேரத்தைக் கணக்கில் வைக்கவில்லை என்றால் அந்தக் கைத்திறனால் அவனுக்கு என்ன லாபம்? வீட்டுச் செலவுக்கு நெருக்கடி இருக்கும்போது, வெளிநாட்டுச் சாமான்களுக்குப் பணத்தை இறைப்பதும் இஸ்ராஃப் என்ற வீண்விரயமே.

ஆனால் மார்க்கம் மனிதனை இறுக்கிப் பிழிவதும் இல்லை. மனைவி மக்களோடு கலந்திருக்கும்போது ஈமானின் வேகம் தணிந்துவிடுகிறதே என்று ஹன்ழலா (ரலி) அவர்கள் கலங்கியபோது, அதற்கொரு நேரம், இதற்கொரு நேரம் என்று நாயகம் (ஸல்) அவர்கள் தேற்றினார்கள். தாவூது (அலை) அவர்களுக்கு இரும்பை இளக்கிக் கொடுத்த அல்லாஹ், கவசத்தின் வளையங்களை அளவாக அமைக்கும்படிக் கட்டளையிட்டதைத் திருமறையின் 34-ஆம் அத்தியாயம் எடுத்துரைக்கிறது. அளவறிந்து வேலை செய்வது சிறப்பே. கைக்கு உள்ள அந்த அளவு பொழுதுக்கும் பணத்துக்கும் இருக்கட்டும். தொழுகை, படிப்பு, பெற்றோர் பணி ஆகியவை போக எஞ்சியதில் பிள்ளை வண்டி செய்யட்டும்.

இனி, இந்தக் கைவேலை நமக்கே கற்றுத்தரும் ஒன்றைச் சொல்லவேண்டும். துருவைச் சரியாகச் செய்ய விரும்புகிறவன், உண்மையான வண்டியில் அது எங்கே தொடங்குகிறது என்று தேடிப் பார்க்கிறான். நடுக் கதவில் அது தொடங்குவதில்லை. தண்ணீர் தேங்கி நிற்கும் கதவின் அடிமடிப்பில், மட்கார்டின் உட்புறத்தில், கண்ணில் படாத இடத்தில் தொடங்குகிறது. மேலே பெயிண்ட் சிறு கொப்புளமாக எழும்பும்போது உள்ளே தகடு அரிபட்டுப் போயிருக்கும். மனிதர்கள் சம்பாதித்த தீவினைகள் அவர்களின் இதயங்களில் துருவாகப் படிந்துவிடுவதைப் பற்றித் திருமறையின் 83-ஆம் அத்தியாயம் பேசுகிறது. அடியான் பாவம் செய்தால் இதயத்தில் ஒரு கரும்புள்ளி விழுகிறது. அவன் விலகித் தௌபா செய்தால் அது துடைக்கப்படுகிறது. மீண்டும் செய்தால் வளர்ந்து இதயத்தையே மூடிக்கொள்கிறது என்று திர்மிதியில் வரும் ஹதீஸ் இதை விளக்குகிறது.

ஆனால் ஓர் எச்சரிக்கை. ஈரத்தை மேலே வை என்ற சட்டம் சரக்குக்கு உரியது. அதைக் கொண்டு, தன் பாவத்தை ஊரறியப் பேசுவதுதான் நேர்மை என்று எவரும் எண்ணிவிடக் கூடாது. இரவில் செய்த பாவத்தை அல்லாஹ் மறைத்து வைத்திருக்க, விடிந்ததும் தானே வெளிப்படுத்துகிறவனை நாயகம் (ஸல்) அவர்கள் கண்டித்திருக்கிறார்கள். விற்கும் பொருளின் குறையை மனிதனிடம் சொல்லவேண்டும். நம் உள்ளத்தின் குறையை ஸஜ்தாவில் அல்லாஹ்விடம் சொல்லவேண்டும். நாமோ பல வேளைகளில் இதைத் தலைகீழாக்குகிறோம். கடையில் குறையை மறைக்கிறோம். தொழுகைப் பாயிலோ சொல்ல வேண்டியது எதுவும் இல்லாதவர்கள்போல் அவசரமாக எழுந்து போகிறோம்.

பெற்றோர்களே! உங்கள் பிள்ளை ஒரு சின்ன ஜீப்பைச் செய்து, கதவின் அடியில் பழுப்பு வர்ணம் தீட்டிக்கொண்டிருந்தால், இது என்ன என்று கேளுங்கள். துரு எங்கே பிடிக்கும், ஏன் பிடிக்கும் என்று அவன் வாயாலேயே சொல்லச் செய்யுங்கள். பிறகு ஈரத் தானியத்தின் ஹதீஸை அவனுக்குச் சொல்லிக் கொடுங்கள். பாங்கு ஒலித்தால் தூரிகையைக் கழுவி வைத்துவிட்டு எழுந்து வரப் பழக்குங்கள். அன்று வாசலில் நிற்கும் உங்கள் சொந்த வண்டியை விற்பதற்கு ஒருவர் வந்து பார்ப்பதாக இருந்தால், அதன் குறைகளைப் பிள்ளையின் காதில் விழும்படியே அவரிடம் சொல்லுங்கள். அதைவிடச் சிறந்த பாடம் வேறு இல்லை.

வல்ல அல்லாஹ் நம் வாணிபத்தில் வாய்மையையும், நம் பொழுதில் பரக்கத்தையும் தந்து, நம் இதயங்களைத் துரு ஏறாமல் காத்தருள்வானாக! ஆமீன்.