பெயருக்குக் கூலி

ஒருவனுடைய பெயரும் முகமும் அவனுக்குச் சொந்தமா? இதெல்லாம் ஒரு கேள்வியா என்று தோன்றலாம். ஆனால் அமெரிக்கக் கல்லூரி விளையாட்டில் 2021 ஜூலை 1 வரை இதற்கு நேரான பதில் கிடையாது.

அங்கே கல்லூரி விளையாட்டு, நம் பல்கலைக்கழகங்களுக்கிடையே நடக்கும் போட்டிகளைப் போன்றது அல்ல. மார்ச் மாதக் கூடைப்பந்துத் தொடரை ஒளிபரப்புவதற்கு மட்டும் 2010இல் போட்ட ஒப்பந்தம் 14 ஆண்டுகளுக்கு 10.8 பில்லியன் டாலர். பெரிய பயிற்சியாளர்கள் வருடத்துக்குப் பல மில்லியன் சம்பளம் வாங்குகிறார்கள். ஆடுகிறவனுக்குக் கிடைத்தது படிப்புச் செலவு, தங்குமிடம், சாப்பாடு. புகழை வைத்து வெளியே காசு பார்த்தால் குற்றம். ஜார்ஜியா பல்கலைக்கழக ஆட்டக்காரர் ஏ.ஜே. கிரீன் தான் அணிந்த ஜெர்சியை 1,000 டாலருக்கு விற்றார் என்பதற்காக 2010இல் நான்கு ஆட்டங்களுக்குத் தடை. 2017இல் மத்திய ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தின் டொனால்ட் டி லா ஹே, யூடியூப் சேனல் வருமானம் தொடர்பான நிபந்தனைகளை ஏற்க மறுத்ததால் ஆடும் தகுதியை இழந்தார்.

என்.சி.ஏ.ஏ. என்கிற கல்லூரி விளையாட்டு அமைப்பு இதற்குச் சொன்ன காரணம் ஒன்றுதான்: இவர்கள் தொழில்முறை ஆட்டக்காரர்கள் அல்லர், ‘மாணவ விளையாட்டாளர்கள்’. அழகான சொல். அது பிறந்த கதை அவ்வளவு அழகில்லை. 1955இல் ஆட்டத்தில் தலையில் அடிபட்டு ஒரு வீரர் இறந்துபோக, அவர் மனைவி தொழிலாளர் இழப்பீடு கேட்டார். கொலராடோ உச்ச நீதிமன்றம் 1957இல் மறுத்துவிட்டது. இப்படிப்பட்ட கோரிக்கைகளிலிருந்து தப்பிக்கத்தான் அந்தச் சொல்லையே உருவாக்கினோம் என்று அமைப்பை நீண்டகாலம் நடத்திய வால்டர் பையர்ஸே பிற்காலத்தில் எழுதினார்.

இதை முதலில் உடைத்தது கலிஃபோர்னியா. பெயர், உருவம் மூலம் மாணவர் சம்பாதிப்பதைக் கல்லூரி தடுக்கக்கூடாது என்ற சட்டத்தில் 2019 செப்டம்பரில் ஆளுநர் கையெழுத்திட்டார். அடுத்தடுத்து மற்ற மாநிலங்களும் வந்தன. எல்லோருக்கும் திடீரென்று நீதியுணர்வு வந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். நல்ல ஆட்டக்காரன் கலிஃபோர்னியாவுக்கு ஓடிவிட்டால் நம் அணி என்னாவது என்ற பயமும் இருந்தது. ஃபுளோரிடா உட்படப் பல மாநிலச் சட்டங்கள் 2021 ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வரவிருந்த நிலையில், முதல் நாள் என்.சி.ஏ.ஏ. தன் விதியைத் தளர்த்திக்கொண்டது.

‘காசு வந்தா ஆட்டத்து மேல இருக்கிற பாசம் போயிடும்’ என்ற வாதத்தை நான் முழுக்கத் தள்ளிவிட மாட்டேன். பணம் உறவுகளை மாற்றும்தான். ஆனால் பயிற்சியாளரிடமும் தொலைக்காட்சியிடமும் யாரும் இந்தப் பாசத்தைக் கேட்பதில்லை. எழுத்தாளரை மேடைக்கு அழைத்துப் பொன்னாடை போர்த்தி அனுப்பும் நமக்கு இந்த நியாயம் பழக்கமானது. மண்டபத்துக்கு வாடகை உண்டு, ஒலிபெருக்கிக்குக் காசு உண்டு, பேசுகிறவருக்கு மட்டும் சேவை மனப்பான்மை வேண்டும்.

ஆகவே இந்தச் சட்டங்களை வரவேற்கிறேன். எனக்கு உறுத்துவது வேறு.

இவை ‘உன் பெயர் உன்னுடையது’ என்றன. ‘உன் உழைப்பு உன்னுடையது’ என்று சொல்லவில்லை. ஆடியதற்காகக் கூலி கொடுப்பது அப்போதும் தடைதான். அமெரிக்கக் கால்பந்தில் பந்தை எறியும் குவார்ட்டர்பேக்கின் முகம் விளம்பரத்தில் விற்கும். எதிரணி அவர்மேல் பாயாதபடி உடம்பைக் கொடுத்துத் தடுக்கும் லைன்மேனை யாருக்குத் தெரியும்? அடி அவருக்கும்தான். நான் பொறியாளன். எங்கள் துறையில் கட்டடத்தின் மீது எங்கள் பெயர் இருப்பதில்லை, ஆனாலும் மாதக் கடைசியில் சம்பளம் வருகிறது. புகழ் இருந்தால்தான் கூலி என்றால் எங்களில் பாதிப் பேர் பட்டினி.

வெளிநாட்டு மாணவர் நிலை இன்னும் விசித்திரம். கனடாவிலிருந்து வந்து பர்டூ பல்கலைக்கழகத்துக்காகக் கூடைப்பந்து ஆடிய சாக் ஈடி நாடறிந்த நட்சத்திரம். ஆனாலும் மாணவர் விசாவில் வேலை செய்யக் கட்டுப்பாடு இருப்பதால், அணித்தோழர்களைப் போல அவரால் தன் பெயரை விற்க முடியவில்லை. உன் முகம் உன்னுடையதுதான், ஆனால் குடிநுழைவுத் துறையையும் கேட்டுக்கொள் என்பது போல.

நடைமுறையில் என்ன ஆனது? பணக்கார ரசிகர்கள் கூட்டாக நிதி திரட்டி, கையெழுத்து நிகழ்ச்சி, விளம்பரம் என்ற பெயரில் ஆட்டக்காரர்களுக்குப் பணம் கொடுத்தார்கள். உண்மையில் அது ‘எங்கள் கல்லூரிக்கு வா’ என்பதற்கான கூலி. 2025இல் நீதிமன்றம் ஏற்ற ஓர் உடன்பாட்டின்படி, கல்லூரிகளே முதல் ஆண்டில் சுமார் 20.5 மில்லியன் டாலர் வரை நேரடியாகப் பகிரலாம். அந்த ஒப்பந்தங்களும் பெரும்பாலும் பெயரையும் உருவத்தையும் பயன்படுத்துவதற்கான கட்டணம் என்றே எழுதப்படுகின்றன.

எனக்கு இது பழைய கதையின் தொடர்ச்சியாகத் தெரிகிறது. முன்பு ‘மாணவன்’ என்ற சொல் உழைப்பை மறைத்தது. இப்போது ‘பெயர்’ என்ற சொல் கூலியை மறைக்கிறது. கையில் காசு வந்துவிட்டதே, சொல்லில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். முழங்கால் உடைந்து படுத்திருக்கும் லைன்மேனுக்கு அந்தச் சொல்லில்தான் எல்லாம் இருக்கிறது. தொழிலாளி என்றால் இழப்பீடு கேட்கலாம், சங்கம் அமைக்கலாம். பெயரை வாடகைக்கு விட்டவன் எதைக் கேட்பான்? அந்த விதவை கேட்ட கேள்விக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.