படைப்பள்ளியும் அணுவிரதமும்

புதுவாயலில் எம் தெருச் சிறுவனுக்கு அமராவதிநகர் சைனிக் பள்ளியில் ஆறாம் வகுப்பில் இடம் கிடைத்தது. 1962இல் தொடங்கப்பெற்ற அப்பள்ளி, தேசியப் பாதுகாப்பு அகாடமிக்கு மாணவரை ஆயத்தம் செய்வது. "அகிம்சை நெறியில் பிறந்தவன் ஆயுதம் ஏந்தலாமா, டீச்சரம்மா?" எனத் தாயார் கலங்கி வினவினார்.

நம் சான்றோர் இம்சையை நான்காகப் பகுப்பர். கொல்லும் கருத்தோடு செய்யும் சங்கல்ப இம்சையை இல்லறத்தார் அறவே விடல் வேண்டும். தற்காப்பில் நேரும் விரோதி இம்சை அவருக்கு முற்றும் விலக்கப்படவில்லை. ஆயினும் அதற்கும் வினைப்பயன் உண்டு. பத்தாம் நூற்றாண்டில் கங்கர் படைத்தலைவர் சாமுண்டராயர் சிரவணபெளகொளாவில் எழுப்பியது, தமையனை வென்றும் அரசைத் துறந்த பாகுபலியின் திருவுருவத்தை அன்றோ!

"அனுப்புங்கள், அம்மா. பகைவனிடத்தும் சினம் கொள்ளாமையை நீங்களே பயிற்றுங்கள்" என்றேன். அப்பாடம் இல்லத்திற்கு உரியது.