விசுவாசம் என்றால் வாயை மூடிக்கொள்வதா?

காசு கொடுத்து வாங்கிய பொருள் கைவிட்டால் யாருக்கும் கோபம் வரும். சிலருக்கு மட்டும் அந்தக் கோபம் வேறு பக்கம் திரும்பும். பொருளைச் செய்தவனை ஒன்றும் சொல்ல மாட்டார்கள். ‘இதில் குறை இருக்கிறது’ என்று சொன்னவனைப் பிடித்துக்கொள்வார்கள். இந்த விசுவாசம் நல்ல குணமா, இல்லை மயக்கமா? இளைஞர்களாகிய நாம் யோசித்துப் பார்க்க வேண்டிய கேள்வி இது. அதற்கு ஓர் உண்மைக் கதையை எடுத்துக்கொள்வோம். காடிப் பைத்தியம் உள்ள தம்பிகளுக்கு இது தெரிந்த கதையாகவே இருக்கும்.

ஜெர்மனியின் போர்ஷே நிறுவனம் 1990களின் தொடக்கத்தில் பெரும் நஷ்டத்தில் இருந்தது. 1993-இல் தலைமைக்கு வந்த வெண்டலின் வீடெகிங், டோயோட்டா முறையில் பழகிய ஜப்பானிய ஆலோசகர்களை வரவழைத்துச் செலவைக் குறைத்தார். 1996-இல் பாக்ஸ்டர் வந்தது. அடுத்த ஆண்டு 996 என்ற உள்எண்ணோடு புதிய 911 வந்தது. செலவை மிச்சப்படுத்த இரண்டு காடிகளுக்கும் பல பாகங்களைப் பொதுவாக வைத்தார்கள். அதுவரை காற்றால் குளிர்ந்த 911 என்ஜின் முதல்முறையாகத் தண்ணீரால் குளிர்ந்தது. நிறுவனம் மறுபடியும் எழுந்து நின்றதில் இந்த இரண்டு காடிகளுக்கும் பெரிய பங்கு உண்டு.

அந்த என்ஜினுக்குள் ஓர் இடைத்தண்டு இருக்கிறது. கிராங்க் தண்டின் சுழற்சியை வாங்கி, சங்கிலி வழியாக, வால்வுகளைத் திறந்து மூடும் கேம் தண்டுகளுக்குக் கொடுப்பது அதன் வேலை. அதன் ஒரு முனையைத் தாங்குவது உள்ளங்கையில் அடங்கும் ஒரு பேரிங். உள்ளே கிரீஸ் வைத்து சீல் செய்த பேரிங் அது. நாளாக ஆக சீல் கெட்டால் கிரீஸ் கரைந்து போகும், பேரிங் தேயும். ஒருநாள் அது உடைந்தால் தண்டு ஆடும், சங்கிலியின் கணக்கு தப்பும், வால்வும் பிஸ்டனும் மோதும். இரும்புத் தூள் எண்ணெயோடு என்ஜின் முழுக்கப் பரவும். அதற்குப் பிறகு சின்ன ரிப்பேர் என்ற பேச்சே இல்லை, பெரும்பாலும் என்ஜினையே மாற்ற வேண்டியதுதான். காடி பழையது என்றால், அந்தச் செலவு காடியின் விலையையே தாண்டிவிடும்.

நியாயமாகப் பேச வேண்டும் என்றால் இதையும் சொல்ல வேண்டும்: எல்லாக் காடிக்கும் இப்படி ஆகவில்லை. பெரும்பாலானவை நன்றாகவே ஓடின, இன்றும் ஓடுகின்றன. ஆனால் உடைந்தவர்களுக்கு அடி பலமாக விழுந்தது. அமெரிக்காவில் உரிமையாளர்கள் சேர்ந்து வழக்குப் போட்டார்கள். 2001 முதல் 2005 வரையிலான மாடல்களைப் பற்றிய அந்த வழக்கு 2013-இல் சமரசத்தில் முடிந்தது. 2009 மாடலில் வந்த புதிய என்ஜினில் இடைத்தண்டு என்ற பாகமே கிடையாது.

காடியின் கதை இவ்வளவுதான். நம் கேள்வி அதை வைத்திருந்தவர்களைப் பற்றியது. அவர்களை மூன்று வகையாகப் பார்க்கலாம்.

முதல் வகை, மறுப்பவர். “அதெல்லாம் சும்மா கதை. ஓட்டத் தெரியாதவன் காடிக்குத்தான் அப்படி ஆகும்” என்பார். இவர் முட்டாள் இல்லை. நன்றாகப் படித்தவராக இருப்பார், தன் தொழிலில் ஒரு வெள்ளிக் கணக்கைக்கூட விட மாட்டார். காடி விஷயத்தில் மட்டும் ஏன் இப்படி? ‘நான் போர்ஷேக்காரன்’ என்று தன்னையும் காடியையும் சேர்த்து முடிச்சுப் போட்டுவிட்டார். இனி காடியில் குறை என்றால் அவரிடமே குறை என்று ஆகிவிடுகிறது. நம் சமயம் இதற்கு வைத்திருக்கும் பெயர் அகங்காரம், மமகாரம். நான், எனது என்ற இரண்டு பிடிப்புகள். காடிக்காகச் சண்டை போடுவதாக அவர் நினைக்கிறார். உண்மையில் தன்னைப் பற்றித் தானே வரைந்து வைத்த படத்துக்காகச் சண்டை போடுகிறார்.

பணக்காரர்களின் நோய் என்று நாம் சிரிக்க வேண்டாம். ஒய்15-ஆ, ஆர்எஸ்-ஆ என்று மாமாக் கடையில் மேசையைத் தட்டிச் சண்டை போடும் பையன்களை நாம் பார்க்காதவர்களா? சின்னம் வேறு, பிடிப்பு ஒன்றுதான்.

இரண்டாவது வகை, பேசாமல் கைமாற்றுபவர். இவருக்குக் குறை தெரியும். பயமும் உண்டு. ‘நம் கையில் உடைவதற்குள் தள்ளிவிடலாம்’ என்று விற்கிறார். வாங்க வருபவரிடம், “அருமையான காடி, மனசே இல்லாமல்தான் கொடுக்கிறேன்” என்று சொல்கிறார். பழைய 911-களில் 996 தான் விலை குறைந்தது என்று பெயர் வாங்கியிருந்தது. அதனால் அதை வாங்க வருபவர் பெரும் பணக்காரராக இருக்க வேண்டியதில்லை. சின்ன வயதிலிருந்து ஆசைப்பட்டு, வருஷக்கணக்காகப் பணம் சேர்த்தவராகவும் இருக்கலாம். என்ஜின் உடைந்தால் அந்த மனிதரின் சேமிப்பும் சேர்ந்து உடைகிறது.

“வாங்குறவன்தானே பார்த்து வாங்கணும்?” என்று கேட்கலாம். பெயின்ட், டயர், சீட் என்றால் அந்த வாதம் செல்லும், ஏனென்றால் அவை கண்ணுக்குத் தெரியும். என்ஜினுக்குள் இருக்கும் பேரிங்கை வாங்குபவர் எப்படிப் பார்ப்பார்? அவரால் பார்க்க முடியாததும் நமக்குத் தெரிந்ததும் ஒன்றாக இருந்தால், அதைச் சொல்வது நம் கடமை. நடுவுநிலைமை அதிகாரத்தில் வள்ளுவர் வணிகனுக்கு வைக்கும் அளவுகோலே அதுதான். அடுத்தவன் பொருளைத் தன் பொருளாக நினைத்துப் பார்க்கச் சொல்கிறார். விற்பவர் ஒரு நிமிஷம் வாங்குபவரின் இடத்தில் நின்று பார்த்தால் போதும்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். முதல் வகைக்காரர் யாரையும் ஏமாற்றவில்லை, தாம் நம்புவதைத்தான் சொல்கிறார். ஆனால் அவர் ‘அதெல்லாம் சும்மா கதை’ என்று ஊரெல்லாம் சொல்வதால்தான் இரண்டாவது வகைக்காரரின் மௌனம் விலை போகிறது. வாங்க வரும் தம்பி சந்தேகப்பட்டுக் கேட்கும்போது, நாலு பேர் அவனைச் சமாதானப்படுத்தி அனுப்பிவிடுகிறார்கள். கண்மூடித்தனமான விசுவாசம் வைப்பவர், ‘இது என் சொந்த விஷயம்’ என்று சொல்ல முடியாது. அதன் விலையை இன்னொருவர் கட்டுகிறார்.

மூன்றாவது வகை, குறையை அறிந்தும் காடியை விடாதவர். கிளட்ச் மாற்ற எப்படியும் கியர்பாக்ஸை இறக்க வேண்டும். அந்த நேரத்திலேயே பேரிங்கையும் மாற்றிவிடுவார். எண்ணெய் மாற்றும்போது பழைய ஃபில்டரை வெட்டிப் பார்த்து, இரும்புத் துகள் இருக்கிறதா என்று தேடுவார். கண்டதை மற்ற உரிமையாளர்களுக்குச் சொல்வார். விற்கும் நாளில் எல்லா ரசீதையும் மேசையில் வைப்பார். இந்த மாதிரி ஆட்களாலும், சின்னப் பட்டறைகளில் வேலை செய்த கெட்டிக்காரர்களாலும்தான் உறுதியான மாற்று பேரிங்குகள் சந்தைக்கு வந்தன. இவர்கள் யாரும் அந்தக் காடியை வெறுத்தவர்கள் இல்லை. அதன்மேல் உயிரையே வைத்திருந்தவர்கள். அதனால்தான் என்ஜினைத் திறந்து பார்க்கும் துணிவு அவர்களுக்கு வந்தது.

பற்றுக்கும் அன்புக்கும் உள்ள வித்தியாசம் இங்கேதான் தெரிகிறது. பற்று, குறையைக் கேட்டால் காதைப் பொத்திக்கொள்ளும். அன்பு, எங்கே குறை என்று கேட்கும். நட்பைப் பற்றிப் பேசும்போது வள்ளுவர் சொல்வதும் இதைத்தான். சேர்ந்து சிரித்துப் பேசுவதற்காக மட்டும் நட்புச் செய்வதில்லை, நண்பன் எல்லை மீறும்போது முன்னே போய்க் கண்டிப்பதற்காகவும்தான் என்கிறார்.

மகாபாரதத்தில் இந்த இரண்டு விசுவாசமும் ஒரே சபையில் உட்கார்ந்திருக்கின்றன. கர்ணன் துரியோதனனுக்குச் செய்நன்றி மறவாதவன். அந்த நன்றிக்காக நாம் அவனை இன்றும் மதிக்கிறோம். ஆனால் சூதாட்டச் சபையில் அநியாயம் நடந்தபோது அவன் நண்பனைத் தடுக்கவில்லை, கூடச் சேர்ந்து பேசினான். விதுரரும் அதே அரண்மனைச் சோற்றைத்தான் உண்டார். அவர் ஒவ்வொரு கட்டத்திலும் ‘இது தவறு, குலம் அழியும்’ என்று முகத்துக்கு நேரே சொன்னார். ஒருமுறை திருதராஷ்டிரன் கோபத்தில் அவரைப் போகச் சொல்லிவிட்டு, பிறகு அவர் இல்லாமல் தாங்க முடியாமல் ஆள் அனுப்பித் திரும்ப அழைத்தான். துரியோதனனுக்கு உண்மையில் நன்மை நினைத்தவர் யார்? கர்ணனின் வில்லை நம்பித்தான் அவன் போருக்கே போனான். விதுரரின் வார்த்தையைக் கேட்டிருந்தால் போரே வந்திருக்காது.

ஆயுத பூஜையன்று நாம் காடிக்கும் மோட்டாருக்கும் சந்தனம், குங்குமம் வைக்கிறோம், டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைக்கிறோம். பூஜைக்கு முன் என்ன செய்கிறோம்? கழுவுகிறோம், துடைக்கிறோம், ஆயுதங்களுக்கு எண்ணெய் போடுகிறோம். சுத்தம் செய்யும் கைக்குத்தான் எங்கே துரு பிடித்திருக்கிறது என்று தெரியும். பொட்டு வைத்துவிட்டதால் பொருளில் குறையே இருக்காது என்று நம் பெரியவர்கள் யாரும் சொன்னதில்லை.

காடியில் பழகும் இந்தக் குணம் காடியோடு நிற்காது என்பதுதான் என் கவலை. நாம் ஒரு சங்கத்தில் இருக்கிறோம், ஒரு கோயிலுக்கு உழைக்கிறோம், ஒரு தலைவரை மதிக்கிறோம். ஆண்டுக் கூட்டத்தில் ஒரு தம்பி எழுந்து, “அண்ணே, இந்தக் கணக்கு எனக்குப் புரியலையே” என்று கேட்டால் என்ன நடக்கிறது? “நம்ம ஆளுங்களையே சந்தேகப்படுறியா?” என்று உட்கார வைத்துவிடுகிறோமா? அப்படியென்றால் நாமும் அந்த முதல் வகைக்காரர்தான். அந்தத் தம்பி சங்கத்தின் எதிரி இல்லை. சங்கம் நன்றாக ஓட வேண்டும் என்று ஃபில்டரை வெட்டிப் பார்ப்பவன் அவன்.

ஒரு பொருளையோ இயக்கத்தையோ நேசிப்பதை யாரும் விட வேண்டியதில்லை. உங்கள் பழைய மோட்டாரை விற்கும் நாள் வரும்போது, வாங்க வரும் பையனிடம் முதலில் அதன் குறையைச் சொல்லிப் பாருங்கள். ஐந்நூறு வெள்ளி குறையலாம். குறையட்டுமே. அவன் அந்த மோட்டாரில் பத்திரமாக வேலைக்குப் போய் வருவான்.