நிமிர்ந்து நின்று துடைப்பது

கார் நிற்கும் இடத்தை அம்மா இன்னும் கொட்டில் என்றுதான் சொல்கிறாள். "கொட்டில்ல லைட்டை அணைச்சியா?" பாபநாசத்துக்குப் பக்கத்துக் கிராமத்தில் இருக்கிற எங்கள் வீட்டில், நான் பள்ளிக்கூடம் போன காலத்தில் ஆறு மாடுகள் அங்கே நின்றன. பிறகு சில வருடம் டிராக்டர். இப்போது நான் தஞ்சாவூருக்குக் கல்லூரி போய்வரும் கார். மூன்று வருடத்துக்கு முன்பு வெளிநாட்டிலிருந்து வந்த அண்ணன், சிமெண்டுத் தரையின்மேல் சாம்பல் நிறத்தில் இபாக்சி பூச்சு போடவைத்துவிட்டுப் போனான். நானூறு சதுர அடி. பூச வந்தவர் போகும்போது, "இனிமே இதுக்கு வேலையே இல்லைங்க. சும்மா துடைச்சு விட்டாப் போதும்" என்றார். யார் துடைப்பது என்று அவரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. கேட்கத் தேவையில்லாத அளவுக்கு எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

துடைத்தவர் ஓர் அக்கா. ஐம்பத்தைந்து வயதிருக்கும். அவருடைய அம்மா இதே இடத்தில் சாணி அள்ளியவர். விடிவதற்கு முன்னால் கொல்லை வழியாக வந்து, கூட்டிப் பெருக்கி, சாணியைக் கூடையில் சுமந்து குப்பைக்குழியில் கொட்டிவிட்டுப் போவார். அறுவடைக்கு மரக்கால் கணக்கில் நெல், அன்றாடம் பழைய சோறு. கொட்டிலுக்கும் முற்றத்துக்கும் நடுவே ஒரு நிலைப்படி உண்டு. அதை அவர் தாண்டி நான் பார்த்ததில்லை. என்னைவிட நாற்பது வயதாவது மூத்த அவரை நானும் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டேன், வாடி போடி என்றுதான் பேசினேன். அவர் மகள் இன்று அடுப்படி வரை வருகிறார். அவருக்குத் தனி டம்ளர் வைப்பதைப் பற்றி அம்மாவிடம் சண்டை போட்டு ஜெயித்துவிட்டதாக நான் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

பழைய மண் தரையில் ஒரு வசதி இருந்தது. அழுக்கை அது தன்னோடு சேர்த்துக்கொள்ளும். வெள்ளிக்கிழமை மெழுகினால் அடுத்த வெள்ளி வரை யாரும் உற்றுப் பார்க்கமாட்டார்கள். இந்தப் பளபளப்பில் பூனை நடந்த தடம்கூடத் தெரிகிறது. ரூத் ஷ்வார்ட்ஸ் கோவன் என்ற அமெரிக்க வரலாற்றாசிரியர் 1983இல் எழுதிய 'மோர் வொர்க் ஃபார் மதர்' என்ற புத்தகத்தில் இதைத்தான் விரிவாகச் சொன்னார்: வீட்டுக்குள் கருவிகள் வரவரச் சுத்தத்தின் அளவுகோலும் உயர்ந்துகொண்டே போனது, அம்மாவின் வேலை நேரம் மட்டும் எதிர்பார்த்தபடி குறையவில்லை. சம்பா பருவத்தில் எங்கள் ஊர் வண்டல் டயரோடு ஒட்டிக்கொண்டு வந்து தரையில் அப்பிக்கொள்ளும். அக்கா குத்துக்காலிட்டு உட்கார்ந்து, தென்னந்துடைப்பத்தால் தேய்த்து, வாளித் தண்ணீர் ஊற்றி, ஈரத்துணியால் துடைத்துக்கொண்டே பின்னோக்கி நகர்வார். ஒன்றரை மணி நேரம். எழும்போது தூணைப் பிடித்துக்கொள்வார். எண்ணெய்க் கறை போகவில்லை என்று அம்மா கழிப்பறைக்கு வைத்திருந்த ஆசிட்டைக் கொடுத்தாள். அக்காவின் விரல் இடுக்குகள் வெந்தன. தரையிலும் ஒரு முறம் அகலத்துக்குப் பூச்சு மங்கி வெளுத்துப்போனது. வெளுத்த தரையைப் பற்றி வீட்டில் பேச்சு இரண்டு நாள் ஓடியது.

கார்த்திகையில் மழை விடுமுறை வந்தபோது அந்தத் தரையின் இயல்பு என்ன என்று உட்கார்ந்து படித்தேன். தமிழ் படித்தவளுக்கு இது கொஞ்சம் அதிகம்தான். ஆனால் படிக்கப் படிக்கக் கோபம் வந்தது. இபாக்சி என்பது பிசினும் அதை இறுகவைக்கும் மருந்தும் கலந்து பூசுவது. இறுகியபின் சிமெண்டின் துளைகளை மூடிய பிளாஸ்டிக் தோல்போல் ஆகிவிடுகிறது. எண்ணெயோ சேறோ சுலபத்தில் உள்ளே இறங்காது, மேலேயே உட்கார்ந்திருக்கும். அதைப் பெயர்க்க பலம் வேண்டியதில்லை. அழுத்தித் தேய்ப்பதுதான் கேடு, ஏனென்றால் துடைப்பத்துக்கும் தரைக்கும் நடுவே சிக்கும் மணல் பூச்சைக் கீறி மங்கவைக்கிறது. ஆக, அக்கா ஒன்றரை மணி நேரம் முதுகொடியச் செய்தது தேவையற்ற வேலை மட்டுமல்ல, அந்தத் தரைக்கு ஆகாத வேலை.

பிறகு நாங்கள் கண்டுபிடித்த முறை இது. சேறு ஈரமாக இருக்கும்போது தொடக்கூடாது. தொட்டால் இழுபட்டுத் தரை முழுக்கப் பரவும். ஒரு நாள் காயவிட்டால் நம் களிமண் தானாகவே வெடித்துச் செதில் செதிலாக எழும்பும், பூந்துடைப்பத்துக்கே வந்துவிடும். எண்ணெய் சொட்டிய இடத்தில் மரத்தூளோ உமியோ போட்டு இரவு முழுக்க விட்டால் குடித்துவிடும், காலையில் கூட்டி அள்ளிவிடலாம். பிறகு வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் விளக்கும் திரவம் சில சொட்டு மட்டும். ஆசிட், வினிகர் கூடாது. அந்தத் தண்ணீரைப் பரப்பிவிட்டு ஐந்து நிமிடம் ஊறவிட வேண்டும். ஆனால் சோப்புத் தண்ணீர் தரையிலேயே காய்ந்துவிடக் கூடாது, காய்ந்தால் வெள்ளைப் படலமாக நின்றுவிடும். நீளக் காம்பு வைத்த மாப்பால் ஒரு தள்ளு, நல்ல தண்ணீர் ஒரு முறை, நீளக் காம்பு வைப்பரால் வாட்டம் பார்த்து வாசல் பக்கம் இழுத்துவிடுவது. அவ்வளவுதான். டயர் நிற்கும் இடத்தில் பழைய சாக்கு போட்டுவிட்டால் பாதி அழுக்கு சாக்கோடு போய்விடும். இருபத்தைந்து நிமிடம். பாதி வேலையைக் காத்திருத்தல் செய்கிறது, குனிய வேண்டியதே இல்லை.

அம்மா நிலைப்படியில் நின்று பார்த்தாள். "நின்னுக்கிட்டே தொடைக்கிறதெல்லாம் ஒரு தொடைப்பா?"

தரையைத் தொட்டுப் பார்த்தாள், சுத்தமாகத்தான் இருந்தது. இருந்தும் ஏதோ குறைந்துவிட்ட முகம். அந்த முகத்தைப் பல நாள் யோசித்தேன். கலிஃபோர்னியாவின் கீரைத் தோட்டங்களில் மெக்சிகத் தொழிலாளர்களுக்குக் குட்டைக் காம்பு வைத்த களைக்கொத்திதான் கொடுத்தார்கள். நீளக் காம்பு இருந்தும் கொடுக்கவில்லை. செடிக்குக் கிட்டே இருந்து கொத்தினால்தான் வேலை நேர்த்தியாக இருக்கும் என்றார்கள் பண்ணை முதலாளிகள். தொழிலாளர்களுக்கு உண்மைக் காரணம் தெரியும்: எல்லோரும் குனிந்திருக்கும் வயலில் ஒருவர் நிமிர்ந்தால் மேஸ்திரிக்குத் தூரத்திலிருந்தே தெரிந்துவிடும். முதுகெலும்பு என்ன ஆகிறது என்று மருத்துவர்கள் சாட்சி சொல்லி, வழக்கு மாநில உச்ச நீதிமன்றம் வரை போய், 1975இல்தான் அந்தக் கருவி தடைசெய்யப்பட்டது. எங்கள் ஊர் நடவு வயலின் வரப்பில் குடையோடு நின்ற என் தாத்தாவை எனக்கு நினைவிருக்கிறது. அவர் பார்த்துக்கொண்டிருந்ததும் வரிசையாகக் குனிந்த முதுகுகளைத்தான். அம்மா அந்த வீட்டின் மகள், நான் பேத்தி. குனிந்த முதுகு தெரிந்தால்தான் வேலை நடக்கிறது என்று எங்கள் கண்ணுக்குப் பழக்கப்பட்டிருக்கிறது.

இங்கே எனக்குத் திலகவதியார் நினைவுக்கு வருகிறார். திருவதிகை வீரட்டானத்தில் நாள்தோறும் அலகிட்டு மெழுகித் தொண்டு செய்தவர் என்று சேக்கிழார் சொல்கிறார். அலகு என்றால் துடைப்பம். சூலை நோயோடு வந்து அவர் காலில் விழுந்த தம்பி பின்னால் அப்பர் ஆனார். அப்பரின் கையில் உழவாரம் வந்தது. எங்கள் டெல்டாக் கோயில்கள் எத்தனையிலோ, நீளக் காம்புள்ள உழவாரத்தைத் தோளில் சாய்த்தபடி அவர் நிமிர்ந்து நிற்கிறார். அக்காவின் துடைப்பம் அப்படி அடையாளம் ஆகவில்லை. அறுபத்து மூவர் வரிசையிலும் திலகவதியார் இல்லை. அப்பர்மேல் எனக்கு வருத்தம் எதுவும் கிடையாது. புல் செதுக்குவதைத் தன் அடையாளமாக ஏற்ற ஆண் அவர், அது சின்ன விஷயமல்ல. ஆனால் அவர் அதைத் தேர்ந்தெடுத்தார். தேர்ந்தெடுத்துச் செய்யும் உழைப்பைப் பற்றிச் சொன்ன புகழ்மொழிகளை எல்லாம் எடுத்து, தேர்ந்தெடுக்க வழியே இல்லாதவர்களின் தலையில் வைத்துவிடுகிறோம். உழைப்பே உயர்வு என்று வகுப்பறைச் சுவரில் எழுதிவைக்கிறோம். குனிந்து பெருக்குவது உடம்புக்கு நல்லது என்று பெண்ணுக்குச் சொல்கிற எவரும் தன் வீட்டு ஆணுக்கு அந்த உடற்பயிற்சியைப் பரிந்துரைத்து நான் கேட்டதில்லை. மத்திய அரசின் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், வீட்டு வேலை செய்யும் பெண்கள் நாளொன்றுக்குச் சம்பளமில்லாமல் அதற்குச் செலவிட்ட நேரம் 2019இல் 299 நிமிடம், ஆண்கள் 97. 2024இல் அது 289, 88. ஐந்து வருடத்தில் பெண்ணுக்குப் பத்து நிமிடம் குறைந்தது. ஆண்களும் தங்கள் பங்குக்கு ஒன்பது நிமிடம் குறைத்துக்கொண்டார்கள்!

இதுவரை எழுதியதை நான் ஒரு வெற்றிக் கதையாகக் கல்லூரியில் மாணவிகளிடம் சொல்லியும் இருக்கிறேன். சொல்லாமல் விட்ட பாதி இனிமேல்தான் இருக்கிறது.

மாப்பும் வைப்பரும் வாங்கிக் கொடுத்த அன்று அக்கா சந்தோஷப்படவில்லை. காம்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "வேலை சீக்கிரம் முடிஞ்சுட்டா சம்பளம் கொறையுமா டீச்சர்?"

"அதெப்படிக்கா குறையும்?" என்றேன். அவசரமாகச் சொன்னேன்.

அவர் கேட்டதற்கு நியாயம் இருக்கிறது. அவர் நடவுக்காரி, அறுப்புக்காரி. டெல்டாவில் அறுவடை இயந்திரம் வந்தபோது பாடு குறைந்தது என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். உண்மைதான், குறைந்தது. ஒரு நாள் முழுக்க ஒரு கும்பல் அறுக்கும் வயலை இயந்திரம் டீ குடிக்கிற நேரத்தில் அறுத்துவிடுகிறது. அந்தப் பாட்டோடு கூலியும் போனது, அறுப்பு முடிந்து வீட்டுக்குக் கொண்டுபோகும் நெல்லும் போனது. வயலில் வேலை குறைந்ததால்தான் அவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். முதுகை மிச்சப்படுத்தும் கருவி சோற்றையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போகும் என்பது அவர் வாழ்க்கையில் கண்ட பாடம்.

பெர்ட்ரண்ட் ரஸல் 1932இல் சோம்பலைப் புகழ்ந்து எழுதிய கட்டுரையில் ஒரு குண்டூசிக் கணக்கு வரும். ஒரு நாளுக்கு எட்டு மணி நேரம் உழைத்து உலகத்துக்குத் தேவையான குண்டூசியைச் சிலர் செய்கிறார்கள். அதே ஆட்கள் இரண்டு மடங்கு செய்ய ஒரு வழி கண்டுபிடிக்கப்படுகிறது. அறிவுள்ள உலகமாக இருந்தால் எல்லோரும் நான்கு மணி நேரம் உழைத்துவிட்டு வீட்டுக்குப் போவார்கள். நம் உலகத்திலோ பாதிப் பேருக்கு வேலை போகிறது, மீதிப் பேர் பழையபடி எட்டு மணி நேரம் உழைக்கிறார்கள். இந்தக் கட்டுரையைப் பற்றி நான் வகுப்பில் பேசியிருக்கிறேன். அது என் கார் ஷெட்டுக்குள் நடக்கும் என்று நினைக்கவில்லை.

இரண்டு வாரத்தில் அம்மா கணக்குப் போட்டுவிட்டாள். "ஒரு மணி நேரம் மிச்சமாவுதே, கொல்லையில புல்லு மண்டிக் கெடக்கு." நான் அம்மாவை முறைத்தேன். ஒப்பந்தத்தில் இல்லாத வேலையை எப்படிச் சொல்லலாம், அந்த நேரம் அவருடையது, உன்னுடையதல்ல என்று நீளமாகப் பேசினேன். அம்மா பேசாமல் உள்ளே போய்விட்டாள். அதே வாரம் சனிக்கிழமை, தரை துடைத்து முடித்து அக்கா தூணருகே நின்றபோது, விடைத்தாள் கட்டோடு உட்கார்ந்திருந்த நான் நிமிராமலேயே சொன்னேன்: "அக்கா, நேரம் இருக்கில்ல, அப்படியே காரையும் ஒரு தொடை தொடச்சு விட்டுடுங்களேன்."

அவர் கோபப்படவில்லை. சிரித்த மாதிரிதான் இருந்தது.

"இதுக்குத்தான் அந்த நீளக் கம்பு வாங்கிக் குடுத்தீங்களா டீச்சர்?"

பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. என் தாத்தா வரப்பில் நின்று செய்ததை நான் நாற்காலியில் உட்கார்ந்து செய்திருக்கிறேன். அவராவது அதற்கு அக்கறை என்று பெயர் வைக்கவில்லை. மிச்சமான அந்த ஒரு மணி நேரத்தை நான் என்னுடைய கொடை என்று மனதுக்குள் வைத்திருந்திருக்கிறேன். கொடுத்தவளுக்குத் திருப்பிக் கேட்க உரிமை உண்டு என்ற நினைப்பு எனக்கே தெரியாமல் உள்ளே இருந்திருக்கிறது. ஆனால் அந்த நேரம் முப்பது வருடம் அவர் இடுப்பிலிருந்து எங்கள் குடும்பம் எடுத்துக்கொண்டிருந்தது.

அதன்பின் பேசி முடிவுசெய்தோம். சம்பளம் அதேதான். ஏழு மணிக்கு வந்துகொண்டிருந்தவர் எட்டு மணிக்கு வருகிறார். அந்த ஒரு மணி நேரத்தில் என்ன செய்கிறார் என்று அம்மா கேட்டுக்கொண்டே இருக்கிறாள். அக்காவிடம் நான் கேட்கவில்லை. தூங்குவாராக இருக்கும். அம்மா கடிகாரத்தைப் பார்ப்பதை நிறுத்தவில்லை, சில நாள் நானும் பார்க்கிறேன்.

காரை ஞாயிற்றுக்கிழமைகளில் நானே கழுவுகிறேன். சரியாக வரவில்லை. தெருவில் போகிறவர்கள் பார்க்கிறார்களே என்று அம்மாவுக்குக் கூச்சம். போன வாரம் கழுவி முடித்துவிட்டு, கை கழுவப் போய், போன் வந்து, அப்படியே மறந்துவிட்டேன். திங்கட்கிழமை காலையில் அக்கா என்னைக் கூப்பிட்டுக் காட்டினார்.

"காரு கழுவின சோப்புத் தண்ணியை இழுத்து விடாம போயிட்டீங்க. வெள்ளை வெள்ளையா காஞ்சு நிக்குது பாருங்க. இது எனக்குப் புது வேலை டீச்சர்."

வைப்பரை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டேன். கல்லூரிக்கு அன்று தாமதம்.