இரண்டாம் அறுப்பிலும் கதிர் பொறுக்கலாமா?



இந்த மாதம் ஒரு தம்பியைப் பற்றி உங்களிடம் சொல்ல வேண்டும். பெயர் வேண்டாம். அவரிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.

எம். புதுப்பட்டிப் பக்கத்துத் தம்பி. பி.காம். முடித்து, விருதுநகர் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து ஐந்து வருஷம் காத்திருந்தார். அதன்பின் தமிழக அரசு வேலையில்லாதவர்களுக்குக் கொடுக்கிற உதவித்தொகை கிடைத்தது. பட்டம் படித்தவருக்கு மாதம் 600 ரூபாய். ஒரு நாளைக்குக் கணக்குப் பார்த்தால் 20 ரூபாய். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பேங்கில் விழும். ஒரு வருஷம் வாங்கினார். அப்புறம் ஒரு பட்டாசுக் கம்பெனி ஆபீசில் கணக்கு எழுதும் வேலை கிடைத்தது. உடனே அலுவலகத்துக்குப் போய், "எனக்கு வேலை கிடைத்துவிட்டது, பணத்தை நிறுத்திக்கொள்ளுங்கள்" என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார். யாரும் கேட்கவில்லை. தானாகவே போனார்.

அந்த ஞாயிறு ஆராதனையில் நான்தான் அவரைச் சாட்சி சொல்லச் சொன்னேன். சபையே ஸ்தோத்திரம் பண்ணியது. ஐந்தாவது மாதம் கம்பெனியில் ஆர்டர் குறைந்தது. கடைசியாகச் சேர்ந்தவரை முதலில் நிறுத்தினார்கள். அதற்குப் பிறகு மூன்று ஞாயிறு அவர் சபைக்கே வரவில்லை. வீடு தேடிப் போனேன்.

"எந்த மூஞ்சியோட வர்றது பாஸ்டர்? வேலை கிடைச்சிருச்சுன்னு சாட்சி சொல்லியாச்சு. பணம் வேண்டாம்னு எழுதிக் குடுத்தாச்சு. இப்பத் திரும்பப் போய் நின்னா ரெண்டு இடத்துலயும் சிரிப்பாங்க" என்றார்.

அவர் அம்மா குறுக்கே சொன்னார்கள்: "கூடப் படிச்ச பய ஒருத்தன் கடையில சம்பளமும் வாங்குறான், இதையும் வாங்குறான். இவன் உண்மையச் சொன்னான், ரெண்டும் போச்சு. இனி போனாலும் வேலைக்குப் போனதையே சொல்லாதடான்னு சொல்றேன், கேக்க மாட்டேங்கான்."

எனக்கு அப்போது வாயில் வந்தது என்ன தெரியுமா? "தம்பி, 600 ரூபாய்க்காக ஏன் மறுபடியும் கையேந்தணும்? கர்த்தர் பார்த்துக்கொள்வார்" என்றேன். ஜெபித்துவிட்டு வந்துவிட்டேன்.

அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. என் வீட்டுக்கு மாதாமாதம் அரிசியும் காணிக்கையும் நீங்கள்தான் கொடுக்கிறீர்கள். "போன மாதம் வாங்கினீரே பாஸ்டர், இந்த மாதம் மறுபடியுமா?" என்று உங்களில் ஒருவரும் கேட்டதில்லை. அந்தத் தம்பியிடம் நான் அதைக் கேட்டுவிட்டேனே!

பிரியமானவர்களே, ஒருதரம் உதவி வாங்கியவன், வேலை கிடைத்து அதை இழந்த பிறகு, மறுபடி வந்து கேட்பது தவறா? வேதத்தை எடுத்துவைத்துக்கொண்டு யோசித்தேன்.

ரூத்தைப் பாருங்கள். வயலின் ஓரத்தைத் தீர அறுக்காமல் ஏழைக்கும் பரதேசிக்கும் விட்டுவைக்க வேண்டும் என்று நியாயப்பிரமாணம் சொல்லியிருந்தது (லேவியராகமம் 19:9,10). அது போவாசின் தயவு மாத்திரம் அல்ல, ஏழைக்குரிய பங்கு. ரூத் அங்கே ஒருநாள் பொறுக்கிவிட்டு நின்றுவிட்டாளா? வாற்கோதுமை அறுப்பு முடிகிறவரைக்கும் பொறுக்கினாள். பிறகு கோதுமை அறுப்பு வந்தது. அதிலும் பொறுக்கினாள் (ரூத் 2:23). "போன அறுப்பிலேயே வந்தவள்தானே நீ?" என்று யாரும் அவளைத் துரத்தவில்லை. வயலில் கேட்கப்படுகிற கேள்வி, முன்பு வந்தாயா என்பதல்ல. இன்று உன் வீட்டில் மாவு இருக்கிறதா என்பதுதான்.

"வேலை செய்யாதவன் சாப்பிடக் கூடாதே, பவுல் சொன்னாரே" என்று சிலர் கேட்பீர்கள். நன்றாக வாசியுங்கள். பவுல் கண்டித்தது வேலை செய்ய மனமில்லாதவனை. மனமிருந்தும் வேலை அகப்படாதவனை அல்ல. திராட்சத்தோட்ட உவமையில் பதினோராம் மணிவரைக்கும் கடைத்தெருவில் நின்றவர்கள் என்ன பதில் சொன்னார்கள்? எங்களை யாரும் வேலைக்கு அழைக்கவில்லை என்றார்கள். எஜமான் அவர்களைச் சோம்பேறி என்று திட்டவில்லை. தோட்டத்துக்கு அனுப்பி, முழுநாள் கூலியும் கொடுத்தான் (மத்தேயு 20).

நம் ஊர் வேலை எப்படிப்பட்டது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மழை பிடித்தால் காயப்போட முடியாது. தீபாவளி முடிந்தால் கை சும்மா. 2018 அக்டோபரில் உச்சநீதிமன்றம் பேரியம் உப்புக்குத் தடை சொன்னது. அதன்பின் ஆலைகளை மூடினார்கள், 2019 பிறந்தும் பல வாரம் திறக்கவில்லை. 2020 மார்ச்சில் ஊரடங்கு. திரி வெட்டுகிறவரும் குழாய் உருட்டுகிறவரும் அப்போது சோம்பேறியானார்களா? ஒரே ஆளுக்கு வேலை வருவதும் போவதும் மறுபடி வருவதும் நம் மண்ணில் வழக்கம். இது புதிதும் அல்ல. இங்கிலாந்தில் 1911-இல் வேலையின்மைக் காப்பீட்டுச் சட்டம் போட்டபோது, கட்டிட வேலை, கப்பல் கட்டும் வேலை என்று ஏற்ற இறக்கமுள்ள தொழில்களைத்தான் முதலில் சேர்த்தார்கள். வாரம் 7 ஷில்லிங், 12 மாதத்தில் 15 வாரம் வரை. வேலை போனவன் அடுத்த வருஷமும் வந்து நிற்பான் என்று தெரிந்தேதான் அந்தச் சட்டத்தை எழுதினார்கள்.

"அப்படியானால் கை நீட்டியே பழகிவிடாதா?" நியாயமான கேள்வி. அதற்குத்தான் சட்டமே வேலி போட்டிருக்கிறது. தமிழக உதவித்தொகை மூன்று வருஷத்துக்குத்தான், குடும்ப வருமானம் வருஷத்துக்கு 72,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். இ.எஸ்.ஐ. பிடித்தம் உள்ளவர்களுக்காக 2018-இல் மத்திய அரசு கொண்டுவந்த உதவியும் வாழ்நாளில் 90 நாளுக்குத்தான் என்று வைத்தார்கள். சட்டம் போட்ட வேலி போதும் சகோதரரே. அதற்குமேல் நாம் வெட்கம் என்கிற இன்னொரு வேலியைப் போட வேண்டாம். மாதம் 600 ரூபாயில் எவன் சோம்பேறியாக வாழ முடியும்?

ஆனால் தேவபிள்ளையே, இன்னொரு பக்கமும் உண்டு. உதவி வாங்குகிறவர் வருஷந்தோறும் ஒரு சுய உறுதிமொழி கொடுக்கிறார்: நான் எந்த வேலையிலும் இல்லை என்று. அதில் பொய்யாகக் கையெழுத்துப் போட்டால், அது போவாசின் களத்தில் இருந்து அரிக்கட்டைத் திருடுவதுபோல. அனனியா குற்றப்பட்டது நிலத்தின் கிரயத்தில் ஒரு பங்கை வைத்துக்கொண்டதற்காக அல்ல, அது அவனுடையதுதான். பொய் சொன்னதற்காக! ஒருவன் பொய் சொன்னால், அடுத்து வருகிற ஏழையிடம் நாலு அத்தாட்சி கூடுதலாகக் கேட்பார்கள். உண்மை சொன்ன தம்பிக்கு நஷ்டம் வந்தது மெய். அவர் அம்மாவின் வேதனையும் மெய். அதற்கு என்னிடம் சுலபமான பதில் இல்லை. ஆனால் ஒன்று கண்டேன். மறுபடி கேட்பதை நாம் கேவலம் ஆக்கினால், மறைத்து வாங்குகிறவன் புத்திசாலி ஆகிவிடுகிறான். உண்மை சொன்னவன் திரும்பிவர வாசல் திறந்திருந்தால்தான் அடுத்தவனும் உண்மை சொல்லத் துணிவான்.

மறுநாள் அந்த வீட்டுக்கே போய், "தம்பி, நான் சொன்னது தப்பு, மன்னிச்சிருங்க" என்றேன். திங்கட்கிழமை இரண்டுபேரும் விருதுநகருக்கு பஸ் ஏறினோம். எந்தத் தேதியில் வேலைக்குச் சேர்ந்தார், எந்தத் தேதியில் நின்றார், ஏன் நின்றார் என்று ஒரு வெள்ளைத்தாளில் ஒன்றையும் மறைக்காமல் எழுதினார். அங்கே இருந்தவர் வாசித்துப் பார்த்து, கம்பெனியில் இருந்து ஒரு கடிதம் வாங்கி வரச் சொன்னார். மீதியுள்ள மாதங்களுக்குக் கொடுக்கலாமா என்று தீர்மானிக்க வேண்டியது அவர்கள். நாம் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டோம். உங்களுக்கும் ஒரு வார்த்தை: உதவித்தொகை வாங்கினால் பதிவு மூப்பு போய்விடும் என்று பயப்படாதீர்கள், போகாது. மூன்று வருஷத்துக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க மட்டும் மறக்காதீர்கள்.

அடுத்த ஞாயிறு தம்பி சபைக்கு வந்தார், பின்வரிசையில் உட்கார்ந்தார். அவரைச் சாட்சி சொல்ல நான் கூப்பிடவில்லை. நானே எழுந்து, நடந்ததைச் சொல்லி அறிக்கையிட்டேன். ஒரு வயதான தாயார் ஆராதனை முடிந்ததும் அவரிடம் போய், "வீட்ல அரிசி இருக்காய்யா?" என்று கேட்டார்கள். வேறொன்றும் கேட்கவில்லை.

பிரியமானவர்களே, வேலை இழந்த ஒருவரை இனி வழியில் கண்டால், "உங்க சாட்சி என்னாச்சு?" என்று கேட்காதீர்கள். அந்தத் தாயார் கேட்டதைக் கேளுங்கள். மறுபடி கேட்கிறவனை வெட்கப்படுத்தாத இருதயத்தைக் கர்த்தர் எனக்கும் உங்களுக்கும் தருவாராக. ஆமென்.