பயணியின் இரண்டாவது கேள்வி

நெடும்பயணம் புறப்படுவோர் நோயைக் குறித்து நினைக்குங்கால், "எனக்கு ஏதேனும் தொற்றிக்கொள்ளுமோ?" என்றே அஞ்சுகின்றனர். "என்னிடமிருந்து எவருக்கேனும் தொற்றிவிடுமோ?" என்னும் இரண்டாவது கேள்வி அவர்தம் உள்ளத்தில் எழுவது அரிதாயிருக்கிறது. முதற் கேள்விக்கோ நம்மிடம் விடை ஆயத்தமாய் உள்ளது. "நாட்டப்படி நடக்கும்" என்று சொல்லிவிடுகிறோம். ஹஜ்ஜுக்கு முன் இடப்படும் ஊசியையும் போலியோ சொட்டு மருந்தையும் கடவுச்சீட்டு முத்திரையோடு சேர்ந்த மற்றொரு சம்பிரதாயமாகக் கருதிக்கொள்கிறோம்.

புதுக்கோட்டை மாவட்டக் கடலோரத்தில், கோட்டைப்பட்டினம், அம்மாபட்டினம், மீமிசல் போன்ற ஊர்களில், கடல் கடந்த உறவு இல்லாத இல்லம் குறைவு. கப்பற் காலத்தில் தனுஷ்கோடி வழியாக இலங்கைக்குச் சென்றோர், அந்நாட்டு அரசாங்கம் மண்டபத்தில் நடத்திய முகாமில் நிறுத்திச் சோதிக்கப்பட்டனர். அங்கே அஞ்சியவர் அக்கரையினர், அஞ்சப்பட்டவர் பயணி. தன்னைப் பிறர் அஞ்சக்கூடும் என்பது எந்தப் பயணிக்கும் எளிதில் விளங்குவதில்லை. ஊர் திரும்புகையிலோ எஞ்சிய அச்சமும் அகன்றுவிடுகிறது. சிங்கப்பூரில் வளரும் பிள்ளைகளை விடுமுறைக்கு அழைத்து வருவோர், பிறந்த மண்ணின் தண்ணீர் தீங்கு செய்யாது என நம்பி, டைஃபாய்டு ஊசியைப் பற்றி எண்ணுவதுமில்லை.

விதியைச் சான்று காட்டுவோர் உமர் (ரலி) அவர்களின் பயணத்தை நினைவுகூர வேண்டும். ஹிஜ்ரி 18இல் ஷாம் நோக்கிச் செல்லும்போது, அங்கே கொள்ளைநோய் பரவியிருக்கும் செய்தி ஸர்க் என்னுமிடத்தில் அவர்களை எட்டியது. கலந்தாலோசித்துத் திரும்பத் தீர்மானித்தார்கள். இறைவிதியை விட்டா ஓடுவது என அபூஉபைதா (ரலி) வினவ, விதியிலிருந்து விதிக்கே செல்வதாக விடை பகர்ந்தார்கள். இதனை நாம் மேடைதோறும் சொல்கிறோம்.

ஆனால் அங்கே அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) எடுத்துரைத்த நபிமொழியின் முற்பாதியோடு நின்றுவிடுகிறோம். நோயுள்ள ஊருக்குள் நுழையலாகாது என்பது முற்பாதி. தாம் வாழும் ஊரில் நோய் தோன்றினால் தப்பியோடலாகாது என்பது பிற்பாதி. நுழையாதவர் தம்மைக் காத்துக்கொள்கிறார். வெளியேறாதவர் எவரைக் காக்கிறார்? இமாம் கஸ்ஸாலி (ரஹ்) இஹ்யாவில் காரணம் ஆராய்கையில், நலமுள்ளோர் போய்விட்டால் நோயுற்றோரைப் பேணுவார் இலர் என்கிறார்கள். நோய் உள்ளே வேரூன்றிய பின்னரே வெளியே தோன்றும் என்றும் குறிக்கிறார்கள். கிருமியைக் காணும் கருவி இல்லாத காலத்துக் கூற்று இது! நலமாய்த் தோன்றும் பயணியும் நோயைச் சுமக்கக்கூடும் என்பது இதிலிருந்து பெறப்படுகிறது.

1865இல் மக்காவில் காலரா பரவியது. ஹாஜிகள் திரும்பிய கப்பல்களோடு அது எகிப்தையும், பின்னர் ஐரோப்பாவையும் அடைந்தது. மறு ஆண்டே இஸ்தான்பூலில் பன்னாட்டுச் சுகாதார மாநாடு கூடிற்று. நம் காலத்திலும், 2000ஆம் ஆண்டு ஹஜ்ஜுக்குப் பின் டபிள்யூ-135 என்னும் வகை மூளையுறைக் காய்ச்சல் பல நாடுகளில் தோன்றியது. பயணமே செல்லாத குடும்பத்தாரும் அதற்கு ஆளாயினர். தொண்டையில் கிருமியைத் தாங்கி வந்தவருக்கோ காய்ச்சலும் இல்லை, இருமலும் இல்லை. அதன் பின்னரே இவ்வகையையும் தடுக்கும் நால்வகை ஊசி ஹாஜிகளுக்குக் கட்டாயமாயிற்று.

தவக்குல் என்பது ஒருவர் தம் உயிரை இறைவனிடம் ஒப்படைத்தல். அண்டை வீட்டுக் குழந்தையின் உயிரையும் அதில் சேர்த்து ஒப்படைக்க அவருக்கு உரிமை தந்தவர் யார்?

ஹாஜி வந்து இறங்கியதும் ஊரே திரண்டு தழுவிக்கொள்கிறது. ஸம்ஸமும் பேரீச்சையும் பங்கிடப்படுகின்றன. நாற்பது நாட்கூட நிறையாத பச்சிளங்குழந்தையைக் கொணர்ந்து, ஓதி ஊதுமாறு நீட்டுகிறார்கள். அந்த வாஞ்சையை நான் குறை கூறேன். எனினும் அக்குழந்தைக்கு இன்னும் எந்த ஊசியின் காவலும் முழுமையாக இல்லை. முகத்தருகே ஊதாமல், சற்றே தள்ளி நின்று கையேந்தி துஆச் செய்தால் அக்குழந்தைக்கு எந்தக் குறையும் வந்துவிடாது. அதனைத் தாயிடம் முதலில் எடுத்துச் சொல்லத்தக்கவரும் அந்த ஹாஜியே. அன்றைய தினம் அவர் சொல்லை எவரும் தட்டமாட்டார்.